புத்தகம் வந்தது, வழக்கு வந்தது, தடை வந்தது: தஸ்லிமா நஸ்ரின், 2003

2003 நவம்பர் 28 அன்று மேற்கு வங்க அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. வங்கதேச எழுத்தாளர் தஸ்லிமா நஸ்ரினின் சுயசரிதையில் மூன்றாம் பாகமான 'த்விகண்டிதா' அரசுக்குப் பறிமுதலாகிறது என்றது அந்த அறிவிக்கை. இப்படி ஓர் அறிவிக்கை வந்துவிட்டால் அந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு பிரதியும் அரசின் சொத்து. இந்தியாவில் எங்கே கண்டாலும் போலீஸ் எடுத்துக்கொண்டு போகலாம். கொல்கத்தாவில் புத்தகம் கடைக்கு வந்து அப்போது சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

அந்தச் சில வாரங்களைப் பற்றியதுதான் இந்த ஆய்வு. தஸ்லிமா என்ற பெயரையும் தடை என்ற சொல்லையும் சேர்த்துக் கேட்டாலே பேச்சு நேராக மதத்துக்குப் போய்விடுகிறது. முல்லாக்கள் எதிர்த்தார்கள், அரசு பயந்தது, தடை வந்தது என்று மூன்று வரியில் முடித்துவிடுகிறோம். 1993இல் 'லஜ்ஜா' நாவலுக்கு நடந்ததை அப்படிச் சொல்லலாம். 'த்விகண்டிதா' விஷயத்தில் நடந்தது அது இல்லை. நடந்ததை வரிசையாக வைத்துப் பார்த்தால் மதம் கடைசியில்தான் வருகிறது. முதலில் வந்து கதவைத் தட்டியவர்கள் எழுத்தாளர்கள்.

அதற்கு முன்

தஸ்லிமா 1962இல் மைமன்சிங் நகரில் பிறந்தவர். அப்பாவைப் போலவே டாக்டருக்குப் படித்தார். அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்துக்கொண்டே பத்திரிகைகளில் பத்தி எழுதினார். அந்தப் பத்திகளின் தொகுப்புக்கு 1992இல் கொல்கத்தாவின் ஆனந்த புரஸ்கார் என்ற இலக்கியப் பரிசு கிடைத்தது. மறுவருஷம் 'லஜ்ஜா' வந்தது. பாபர் மசூதி இடிப்புக்குப் பிறகு வங்கதேசத்து இந்துக்களுக்கு நேர்ந்ததை எழுதிய நாவல். அரசு அதைத் தடை செய்தது. அவர் தலைக்கு விலை வைத்தார்கள். 1994இல் மத உணர்வைப் புண்படுத்தியதாக வழக்குப் போட்டுப் பிடிவாரண்ட் பிறப்பிக்க, இரண்டு மாதம் தலைமறைவாக இருந்துவிட்டு, ஜாமீன் கிடைத்ததும் ஆகஸ்டில் ஸ்வீடனுக்குப் போனார். அதன்பின் ஐரோப்பாவில் ஊர் ஊராக மாறிக்கொண்டே இருந்த வாழ்க்கை.

அங்கே உட்கார்ந்துதான் சுயசரிதையைப் பாகம் பாகமாக எழுத ஆரம்பித்தார். முதல் பாகம் 'ஆமார் மேயேபேலா', அவருடைய சிறுமிப் பருவம். வீட்டுக்குள்ளேயே உறவுக்கார ஆண்களால் நேர்ந்த பாலியல் அத்துமீறல்களை அதில் ஒளிக்காமல் எழுதியிருந்தார். 1999இல் வங்கதேச அரசு அதைத் தடை செய்தது. 2000இல் கொல்கத்தா அதே புத்தகத்துக்கு ஆனந்த புரஸ்காரைக் கொடுத்தது. அவருக்கு அது இரண்டாவது முறை.

இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மைமன்சிங்கில் ஒரு வீட்டின் கதவைத் திறந்து உள்ளே நடந்ததை ஒரு பெண் எழுதியபோது கொல்கத்தா இலக்கிய உலகம் கைதட்டியது, பரிசு கொடுத்தது. மூன்று வருஷம் கழித்து அதே பெண் அதே மாதிரி இன்னொரு கதவைத் திறந்தார். இந்த முறை உள்ளே இருந்தவர்கள் எழுத்தாளர்கள்.

புத்தகம் வந்ததும்

மூன்றாம் பாகம் 2003இன் பிற்பகுதியில் இரண்டு பெயர்களில் வந்தது. டாக்காவில் 'க', கொல்கத்தாவில் 'த்விகண்டிதா'. கொல்கத்தாப் பதிப்பைப் போட்டது பீப்பிள்ஸ் புக் சொசைட்டி. எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் டாக்காவில் வாழ்ந்த வாழ்க்கைதான் உள்ளடக்கம். ஆஸ்பத்திரி வேலை, கல்யாணங்கள், மணமுறிவுகள், பத்தி எழுத்து, கூட்டங்கள், பதிப்பகங்கள், எழுத்தாளர்களோடு பழக்கம். அந்தப் பழக்கங்களில் சில உறவுகளாகவும் இருந்தன. அவற்றைப் பெயரோடு எழுதினார்.

யாரைப் பற்றி என்ன எழுதினார் என்பதை நான் இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. அவர் சொன்னது அவருடைய சாட்சியம். பெயர் வந்தவர்கள் மறுத்திருக்கிறார்கள். இரண்டில் எது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு வழி இல்லை, இந்த வழக்கைப் புரிந்துகொள்ள அது தேவையும் இல்லை.

டாக்காவில் முதல் அடி விழுந்தது. வங்கதேசத்தின் மூத்த எழுத்தாளர் சையத் ஷம்சுல் ஹக் 10 கோடி டாகா (வங்கதேசப் பணம்) கேட்டு மானநஷ்ட வழக்குப் போட்டார். ஹக் சாதாரணப் பெயர் இல்லை. கவிதை, நாடகம், நாவல் என்று எதைத் தொட்டாலும் அந்த மொழியில் முதல் வரிசையில் வைக்கப்பட்டவர். நீதிமன்றம் 'க' விற்பனையை நிறுத்தி வைத்தது. நிறுத்தியதும் என்ன ஆகும் என்று புத்தகக் கடை நடத்துகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். திருட்டுப் பதிப்புகள் கிளம்பின.

அப்புறம் கொல்கத்தா. அங்கே சையத் ஹஸ்மத் ஜலால் என்ற கவிஞர் 11 கோடி ரூபாய் கேட்டு வழக்குப் போட்டார். நவம்பர் மூன்றாம் வாரத்தில் கல்கத்தா உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. இத்தனைக்கும் அரசு இன்னும் வாயே திறக்கவில்லை.

இந்த வாரங்களில் பத்திரிகைகளில் நடந்த விவாதம் புத்தகத்தைப் பற்றியதாக இல்லை. ஒரு பெண் தன் படுக்கையறையை எழுதலாமா, எழுதினால் கூட இருந்தவர் பெயரைச் சொல்லலாமா, விளம்பரத்துக்காக எழுதினாரா, காசுக்காகவா என்றே பேச்சு சுற்றிச் சுற்றி வந்தது. ஆண் எழுத்தாளர்கள் தங்கள் காதல்களையும் அதற்கு அப்பாலானவற்றையும் எழுதி, அது துணிச்சல் என்று பெயர் வாங்கிய பாரம்பரியம் வங்காளிக்கும் உண்டு, நமக்கும் உண்டு. அதே வேலையை ஒரு பெண் செய்தபோது அவருடைய நடத்தை விசாரணைக்கு வந்தது. எனக்கு இந்த வழக்கில் மிகவும் கசக்கிற இடம் இதுதான். முன்னூறு நானூறு பக்கத்தில் ஒரு பெண் டாக்டரின் வாழ்க்கை இருக்கிறது. பிரசவ வார்டு இருக்கிறது, சர்வாதிகார ஆட்சிக் காலத்து டாக்கா இருக்கிறது. யாரும் அதைத் தொடவில்லை. பெயர்ப் பட்டியலைத் தேடிப் பக்கம் புரட்டினார்கள்.

இத்தனையும் நடக்கும்போது நூலாசிரியர் எங்கே இருந்தார்? டாக்காவிலும் இல்லை, கொல்கத்தாவிலும் இல்லை. 2003-04இல் அவர் அமெரிக்காவில், ஹார்வர்டின் கென்னடி பள்ளியில் மனித உரிமை ஆய்வு மையத்தில் நல்கை பெற்று இருந்தார். தாய்நாட்டுக்குத் திரும்ப வழியில்லாதவர், தன் மொழி பேசும் இரண்டு நகரங்களில் தன்னைப் பற்றி நடக்கும் சண்டையைக் கடல் தாண்டி இருந்து பார்க்க வேண்டியிருந்தது. பொதுவாக ஒரு சுயசரிதை வந்த முதல் வாரங்களில் நூலாசிரியர் வாசகர்களைச் சந்திப்பார், கேட்கிறவருக்குப் பதில் சொல்வார், வருத்தப்பட்டவரிடம் நேரில் போய்ப் பேசக்கூடச் செய்வார். இவருக்கு அந்த வாய்ப்பு எதுவும் இல்லை. தூரம் இருக்கும்போது எதிராளிக்கு வசதி அதிகம்.

இரண்டு பக்கம்

நவம்பர் 28 அறிவிக்கை இந்த வழக்குகளைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அவதூறு என்பது தனிமனிதர்கள் நீதிமன்றத்தில் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். அதற்காக ஓர் அரசு புத்தகத்தைப் பறிமுதல் செய்யச் சட்டத்தில் இடம் இல்லை. அப்போது நடப்பில் இருந்த குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 95ஆவது பிரிவு சில காரணங்களுக்கு மட்டும்தான் அந்த அதிகாரத்தைத் தந்தது. சமூகங்களுக்கு இடையே பகை மூட்டுவது, மத உணர்வை வேண்டுமென்றே தீய நோக்கத்தோடு புண்படுத்துவது போன்றவை அதில் அடக்கம். அதனால் அரசு சுட்டிக்காட்டியது 49, 50ஆம் பக்கங்களை.

அந்தப் பக்கங்கள் எங்கே வருகின்றன என்று பார்க்க வேண்டும். 1971 போருக்குப் பின் உருவான வங்கதேசத்தின் 1972 அரசியலமைப்பில் மதச்சார்பின்மை ஓர் அடிப்படைக் கொள்கை. ராணுவ ஆட்சி அதை 1977இல் எடுத்தது. 1988இல் ஜெனரல் எர்ஷாத் எட்டாவது திருத்தம் கொண்டுவந்து இஸ்லாத்தை அரசு மதமாக்கினார். ஒரு நாட்டுக்கு எதற்கு மதம் என்று அந்த நேரத்தில் தனக்குள் எழுந்த கோபத்தைத்தான் தஸ்லிமா அங்கே எழுதுகிறார். கோபத்தில் இஸ்லாத்தின் தொடக்க வரலாறு பற்றியும் கடுமையாகச் சில வரிகள் வருகின்றன. அந்த வரிகளை மட்டும் வெட்டி எடுத்து ஒரு தாளில் வைத்தால் ஒரு முஸ்லிம் வாசகருக்கு வலிக்கும். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அவை சர்வாதிகாரி ஒருவர் தன் நாற்காலியைக் காப்பாற்ற மதத்தைத் துணைக்கு அழைத்ததைப் பற்றிய பகுதியில் இருக்கின்றன.

அரசின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2003 என்பது குஜராத் கலவரம் நடந்த மறுவருஷம். மேற்கு வங்கத்தில் மக்கள்தொகையில் நான்கில் ஒரு பங்கு முஸ்லிம்கள். எங்கோ யாரோ இரண்டு பக்கத்தை நோட்டீஸாக அடித்து விநியோகித்தால் தெருவில் ரத்தம் விழலாம் என்று ஓர் ஆட்சியாளர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் பயம் உண்மையானதென்றால் அதற்கான அறிகுறி எதையாவது அரசு காட்டியிருக்க வேண்டும். புத்தகம் விற்ற வாரங்களில் அந்தப் பக்கங்களுக்காகக் கொல்கத்தா தெருவில் கலவரம் எதுவும் வெடிக்கவில்லை.

முடிவெடுத்தவர் யார் என்பதும் முக்கியம். அப்போதைய முதல்வர் புத்ததேவ் பட்டாச்சார்யா இலக்கியம் தெரியாத ஆள் இல்லை. கவிஞர் சுகாந்த பட்டாச்சார்யாவின் அண்ணன் மகன் முறை. தானே நாடகம் எழுதியவர், மயகோவ்ஸ்கியையும் மார்க்கேஸையும் வங்காளிக்குக் கொண்டுவந்தவர். எழுத்தாளர்கள், அறிஞர்களிடம் கருத்துக் கேட்டே தடை விதித்ததாக அரசுத் தரப்பு சொன்னது. 25 பேர் என்ற எண்ணிக்கை அன்று தொடங்கி இன்றுவரை வங்காளத்தில் பேசப்படுகிறது. ஆக, போலீஸ்காரரோ மதகுருவோ மட்டும் கேட்டு வந்த தடை இல்லை இது. எழுதுகிறவர்களிடம் கேட்டு, எழுதத் தெரிந்த முதல்வர் போட்ட தடை.

மானநஷ்ட வழக்குப் போட்டவர்களும் தடையை ஆதரித்தவர்களும் சேர்ந்து திட்டம் போட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்குச் சான்று இல்லை. ஆனால் ஒரு மாதமாக 'இந்தப் புத்தகம் அசிங்கம்' என்று ஒரு நகரமே பேசிக்கொண்டிருந்த பிறகு, அதை மூட ஒரு காரணம் கிடைத்தபோது, அதை எதிர்க்க வேண்டியவர்களில் பலர் வாயை மூடிக்கொண்டார்கள். சிலர் நல்லது என்றார்கள். தடைக்கு நிலத்தைப் பண்படுத்தியது அந்த ஒரு மாதப் பேச்சுதான் என்பது என் கணிப்பு.

பெயர் வந்தவர்களுக்கு என்ன வழி?

இங்கே ஒரு நேர்மையான கேள்வி இருக்கிறது. சுயசரிதை எழுதுகிறவர் தன் வாழ்க்கையை மட்டும் எழுத முடியாது. அதில் அடுத்தவர் வாழ்க்கையும் வந்துவிடும். அந்த அடுத்தவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. அவருக்குக் குடும்பம் இருக்கும், பிள்ளைகள் இருப்பார்கள். பொய்யாக எழுதப்பட்டால் அவர் என்ன செய்வது?

வழக்குப் போடலாம். அது அவருடைய உரிமை. ஹக்குக்கும் அந்த உரிமை இருந்தது. இந்தியச் சட்டம் இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே ஒரு பதில் வைத்திருந்தது, அந்தப் பதில் வந்ததே தமிழ்நாட்டிலிருந்துதான். கொலைக் குற்றத்துக்காகத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டிருந்த ஆட்டோ சங்கர் செங்கல்பட்டுச் சிறையில் இருந்தபோது தன் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அதிகாரிகள் சிலருக்குத் தன்னோடு இருந்த தொடர்பு அதில் வருவதாகச் சொல்லப்பட்டது. அதைத் தொடராக வெளியிடப் போவதாக 'நக்கீரன்' அறிவித்ததும் சிறைத்துறைத் தலைமை, இது பொய், வெளியிடக்கூடாது என்று கடிதம் எழுதியது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1994 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. அவதூறு வரும் என்ற பயத்தில் அரசோ அதிகாரிகளோ ஒரு புத்தகம் வெளிவருவதை முன்கூட்டியே தடுக்க முடியாது. பாதிக்கப்பட்டதாக நினைப்பவர்கள் வெளிவந்த பிறகு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். தனிமனிதரின் அந்தரங்கத்துக்கும் அதே தீர்ப்பு இடம் கொடுத்தது: பொதுப் பதிவுகளில் இல்லாத ஒருவருடைய அந்தரங்க வாழ்க்கையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிட்டால், வெளியிட்டவர் பதில் சொல்லியாக வேண்டும்.

இது நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன். எழுதினவருக்கு எழுதும் உரிமை, பெயர் வந்தவருக்கு நீதிமன்றத்தில் நின்று 'இது பொய்' என்று சொல்லும் உரிமை. இரண்டு பேரும் சாட்சிக் கூண்டில் ஏறலாம். ஆனால் புத்தகத்தையே இல்லாமல் ஆக்கிவிட்டால் வாசகருக்கு இரண்டு பக்கமும் தெரியாமல் போய்விடும். பெயர் வந்தவர்மேல் விழுந்த சந்தேகமும் அப்படியே நின்றுவிடும். 'த்விகண்டிதா'வில் பெயர் வந்த பலரைப் பற்றி இன்றுவரை கிசுகிசு ஓயாததற்கு அந்தத் தடையும் ஒரு காரணம்.

தீர்ப்பு, அதற்குப் பின்

பறிமுதல் அறிவிக்கையை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போக இரண்டு மாத அவகாசம் உண்டு. மூன்று நீதிபதிகள் கொண்ட சிறப்பு அமர்வு விசாரிக்க வேண்டும். போனவர் நூலாசிரியர் இல்லை. மனித உரிமைச் செயல்பாட்டாளர் சுஜாதோ பத்ரா. ஒரு புத்தகம் தடை செய்யப்படும்போது வாசிப்பவருக்கும் அதில் அக்கறை உண்டு என்பதற்கு இந்த வழக்கைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

2005 செப்டம்பர் 22 அன்று கல்கத்தா உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. ஒரு புத்தகத்தை முழுசாகப் படிக்க வேண்டும், இரண்டு பக்கத்தைப் பிய்த்து எடுத்துப் படிக்கக் கூடாது என்பதுதான் தீர்ப்பின் உயிர்நாடி. முழுப் புத்தகத்தையும் சூழலோடு படித்தால், மத உணர்வைப் புண்படுத்தும் தீய நோக்கத்தோடு எழுதப்பட்டதாகச் சொல்ல முடியாது. வெளிவந்த சில வாரங்களில் யாருமே செய்யாத வேலையை, அதாவது புத்தகத்தைப் புத்தகமாகப் படிப்பதை, கிட்டத்தட்ட இரண்டு வருஷம் கழித்து நீதிபதிகள் செய்தார்கள்.

தஸ்லிமா 2004இலேயே கொல்கத்தாவுக்குக் குடிவந்திருந்தார். தன் புத்தகம் தடையில் இருந்த ஊரில்தான் வீடு பிடித்தார். வங்காளி பேசும் ஊர் அவருக்கு அது ஒன்றுதான் மிச்சம். தீர்ப்பு வந்த பிறகு புத்தகம் மறுபடி கடைக்கு வந்தது. விஷயம் முடிந்ததுபோல் இருந்தது.

முடியவில்லை. 2007 ஆகஸ்டில் ஹைதராபாத் பிரஸ் கிளப்பில் ஒரு மொழிபெயர்ப்பு வெளியீட்டுக்குப் போன இடத்தில் எம்.எல்.ஏ.க்களே தலைமை தாங்கி அவரைத் தாக்கினார்கள். நவம்பர் 21 அன்று அவரை வெளியேற்றச் சொல்லிக் கொல்கத்தாவில் நடந்த போராட்டம் கலவரமாகி ராணுவத்தை இறக்க வேண்டியதாயிற்று. மறுநாள் அவரை ஜெய்ப்பூருக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து டெல்லி, அங்கே பாதுகாப்பு என்ற பெயரில் யாரும் பார்க்க முடியாத ஓர் இடம். நவம்பர் 30 அன்று, 'த்விகண்டிதா'வின் சர்ச்சைக்குரிய வரிகளை நீக்கிவிடுவதாக அவர் அறிவித்தார். எண்பதுகளில் மதச்சார்பின்மை தாக்கப்பட்டதன் நினைவில் எழுதியவை அவை, யாரையும் புண்படுத்தும் எண்ணம் இல்லை என்று விளக்கமும் சொன்னார்.

உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் இருக்கலாம் என்று சொன்ன வரிகள். அரசு தடையால் எடுக்க முடியாதவற்றை, வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட ஒரு பெண்ணின் கையைக் கொண்டே எடுக்க வைத்தார்கள். அவர் பணிந்தார் என்று அப்போது சிலர் குறை சொன்னார்கள். அந்த நிலைமையில் ஒரு ஆளைத் தனியாக நிறுத்திவிட்டு வீரத்தை எதிர்பார்ப்பது அநியாயம். கொல்கத்தாவுக்குத் திரும்பலாம் என்ற நம்பிக்கையில்தான் செய்தார். திரும்ப விடவில்லை. 2008 மார்ச்சில் இந்தியாவை விட்டே போக வேண்டியதாயிற்று.

2011இல் மேற்கு வங்கத்தில் ஆட்சி மாறியது. 2012 பிப்ரவரியில் கொல்கத்தா புத்தகக் காட்சியில் அவருடைய சுயசரிதையின் ஏழாம் பாகமான 'நிர்பாஸன்' வெளியிடுவதாக இருந்தது. அரங்கில் நடக்க வேண்டிய விழாவைக் கடைசி நேரத்தில் ரத்து செய்துவிட்டார்கள். பதிப்பாளர் அதே பீப்பிள்ஸ் புக் சொசைட்டிதான். அவர்கள் பின்வாங்கவில்லை. தங்கள் கடைக்கு வெளியிலேயே புத்தகத்தை வெளியிட்டார்கள். நூலாசிரியர் வர முடியவில்லை. வெளியிட்டுவைக்க ஓர் எழுத்தாளர் வந்தார், நபாருண் பட்டாச்சார்யா.